யூசர் ஐடியை நீக்கிய பிறகு லிஸ்ட்கேட் "இல்லை" என்கிறது, வட்டில் டேட்டாசெட் அப்படியே இருக்கிறது

இரவுப்பணி:

அனைவருக்கும் வணக்கம். ஒரு நிதி நிறுவனத்தின் மெயின்ஃபிரேமில் ராக்ஃப் (யார் எதைத் தொடலாம் என்று காக்கும் பாதுகாப்பு மென்பொருள்) நிர்வாகத்தைப் பார்க்கும் குழுவில் இருக்கிறேன். வேலையை விட்டுப் போனவர்கள், வேறு துறைக்கு மாறியவர்கள் ஆகியோரின் யூசர் ஐடிகளையும் அவற்றோடு ஒட்டியிருக்கும் பழைய அனுமதிகளையும் நீக்கும்படி தணிக்கைக் குழு கேட்டிருந்தது. முதல் தவணையாக நாற்பது ஐடிகளை எடுத்துக்கொண்டேன்.

ஐஆர்ஆர்டிபியூ00 என்ற நிரல் கொண்டு ராக்ஃப் தரவுத்தளத்தை ஒரு கோப்பாக அன்லோட் செய்து, அந்தக் கோப்பை, நீக்கும் கட்டளைகளை எழுதித் தரும் ஐஆர்ஆர்ஆர்ஐடி00க்குக் கொடுத்து, அது எழுதித் தந்த கட்டளைகளை ஓட்டினேன். அதற்கு முன்பே, அந்த நாற்பது பெயர்களின் ஏலியஸ்களையும் (ஒரு பெயருக்குரிய யூசர் கேட்டலாக் எது என்று சுட்டும் குறிப்பு) ஐடிகேம்ஸ் என்ற நிரலின் டிலீட் மூலம் மாஸ்டர் கேட்டலாக்கிலிருந்து (டேட்டாசெட்டுகள் எங்கே என்று சொல்லும் தலைமைப் பட்டியல்) எடுத்துவிட்டேன். எல்லாம் ரிட்டர்ன் கோடு பூஜ்யத்தில் முடிந்தன. கடைசியாக டேட்டாசெட்டுகளை (மெயின்ஃபிரேமின் கோப்புகள்) நீக்கப் போனபோதுதான் சிக்கல் வந்தது. கேட்டலாக்கைப் பட்டியலிடும் லிஸ்ட்கேட் கட்டளைக்கு லெவல் கொடுத்தால் எதுவுமே இல்லை என்கிறது. ஆனால் அந்தப் பெயர்களில் வட்டில் நிறைய இடம் பிடிபட்டிருப்பதாக ஸ்டோரேஜ் குழு சொல்கிறது. இல்லாத ஒன்று எப்படி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும்?

பழைய டேப்:

நண்பரே, "இல்லை என்கிறது" என்பதை வைத்து எதுவும் சொல்ல இயலாது. ஏதாவது ஒரு டேட்டாசெட்டின் முழுப் பெயரைக் கொடுத்து ஐடிகேம்ஸ் டிலீட் ஓட்டி, வரும் செய்திகளை எண்களோடு எழுதுங்கள். டேட்டாசெட்டுகளைப் பட்டியலிடும் ஐஎஸ்பிஎஃப் 3.4 திரையில் வால்யூம் பெயரைக் கொடுத்தும் கொடுக்காமலும் இரண்டு முறை பார்த்துவிட்டு, இரண்டிலும் என்ன தெரிகிறது என்றும் சொல்லுங்கள்.

இன்னொன்று, இங்கே கட்டளைகளை எல்லோரும் தமிழ் எழுத்தில்தான் எழுதுகிறோம். அப்படியே வெட்டி ஒட்டினால் ஐடிகேம்ஸ் உங்களை மன்னிக்காது.

இரவுப்பணி:

ஐடி யூ4417 என்று வைத்துக்கொள்வோம். முழுப் பெயரோடு டிலீட் கொடுத்ததில் மூன்று செய்திகள் வந்தன. ஐடிசி3012ஐ, என்ட்ரி நாட் ஃபவுண்ட். ஐடிசி3009ஐ, ரிட்டர்ன் கோடு 8, ரீசன் கோடு ஐஜிஜி0சிஎல்இஜி-42. ஐடிசி0551ஐ, என்ட்ரி நாட் டிலீட்டட்.

3.4 திரையில் வால்யூம் இல்லாமல் தேடினால் பட்டியல் வெறுமையாக வருகிறது. ஸ்டோரேஜ் குழு சொன்ன வால்யூமைக் கொடுத்துத் தேடினால் யூ4417 பெயரில் பதினொரு டேட்டாசெட்டுகள் வரிசையாக நிற்கின்றன.

பழைய டேப்:

நீங்களே விடையைக் கொண்டுவந்துவிட்டீர்கள். 3.4 திரைக்கு வால்யூம் கொடுத்தால் அது அந்த வட்டின் விடிஓசியை (வட்டிலேயே இருக்கும் உள்ளடக்கப் பட்டியல்) படிக்கிறது. வால்யூம் கொடுக்காவிட்டால் கேட்டலாக்கைப் படிக்கிறது. விடிஓசியில் இருப்பதும் கேட்டலாக் வழியே கிடைக்காததும் சேர்ந்து சொல்வது ஒன்றைத்தான்: பொருள் வீட்டிலேயே இருக்கிறது, வீட்டுக்குப் போகும் பாதையை நீங்கள் எடுத்துவிட்டீர்கள்.

யூ4417.ஜேசிஎல்.லைப்ரரி என்ற பெயரைத் தேடும்போது மெயின்ஃபிரேமின் இயங்குதளமான இசட்/ஓஎஸ் முதலில் மாஸ்டர் கேட்டலாக்கில் யூ4417 என்ற முதல் குவாலிஃபையருக்கு (பெயரில் முதல் புள்ளிக்கு முன் உள்ள பகுதி) ஏலியஸ் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அது சுட்டும் யூசர் கேட்டலாக்குக்குப் போகும். இல்லாவிட்டால் மாஸ்டர் கேட்டலாக்கிலேயே தேடி, அங்கும் கிடைக்காதபோது 8, 42 என்று திரும்பிவிடும். டேட்டாசெட்டுகளின் பதிவுகள் யூசர் கேட்டலாக்கில் இன்னும் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் அங்கே போய்ப் பார்க்கச் சொல்ல யாரும் இல்லை. ஒரு யூசர் கேட்டலாக்கின் ஏலியஸை நீக்கும்போது, அந்தப் பெயரில் டேட்டாசெட்டுகள் மிச்சம் இருக்கின்றனவா என்று டிலீட் சரிபார்ப்பதில்லை. ஆகவே உங்களுக்குக் கிடைத்த பூஜ்யம் "ஏலியஸ் போய்விட்டது" என்பதற்கான பூஜ்யம். "எல்லாம் சுத்தம்" என்பதற்கானது அன்று.

சோதித்துப் பார்க்க, லிஸ்ட்கேட்டில் கேட்டலாக் என்ற அளவுருவில் அந்த யூசர் கேட்டலாக்கின் பெயரைக் கொடுத்து, லெவல் யூ4417 என்று ஓட்டுங்கள். பதினொன்றும் வரும். ஒருவேளை பதினொன்றுக்கு மேலும் வரலாம். அதற்குக் காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

வட்டுக்காவலர்:

கேட்டலாக் பெயரைக் கொடுத்து லிஸ்ட்கேட் எடுக்கலாம் என்றால், அதே அளவுருவை டிலீட்டிலும் கொடுத்து இப்போதே நீக்கிவிடலாமே? ஏலியஸை மறுபடி உருவாக்குவது எதற்கு?

பழைய டேப்:

எஸ்எம்எஸ் (சேமிப்பிடத்தைத் தானாக நிர்வகிக்கும் அமைப்பு) நிர்வகிக்கும் டேட்டாசெட்டுகளுக்கு அது நேராக நடக்காது, ஐயா. வழக்கமான தேடல் வரிசையைத் தாண்டி ஒரு குறிப்பிட்ட கேட்டலாக்குக்குக் கோரிக்கையைத் திருப்புவதற்கு, ராக்ஃபின் ஃபெசிலிட்டி கிளாஸில் எஸ்டிஜிஅட்மின்.ஐஜிஜி.டிர்கேட் என்ற புரொஃபைலுக்கு (பாதுகாப்பு விதிப்பதிவு) ரீட் அனுமதி வேண்டும். அதை எல்லோருக்கும் கொடுத்துவைக்கும் நிறுவனத்தை நான் பார்த்ததில்லை, பார்க்கவும் விரும்பவில்லை. பழைய அனுமதிகளை நீக்கும் வேலைக்காகப் புதிதாக ஒரு பெரிய அனுமதியைக் கேட்டு வாங்குவது எனக்கு விநோதமாகப் படுகிறது. டிஃபைன் ஏலியஸ், நேம் யூ4417, ரிலேட் என்று யூசர் கேட்டலாக்கின் பெயரைக் கொடுத்தால் ஒரே வரியில் பாதை திரும்பிவிடும். அதன்பின் எல்லாக் கட்டளைகளும் வழக்கம்போல் வேலை செய்யும்.

அதைச் செய்வதற்கு முன் மாஸ்டர் கேட்டலாக்கில் யூ4417 லெவலில் ஏதும் புதிதாக வந்திருக்கிறதா என்று பாருங்கள். ஏலியஸ் இல்லாத நாள்களில், மாஸ்டரில் எழுத அனுமதி உள்ள யாராவது அந்தப் பெயரில் ஒரு டேட்டாசெட் உருவாக்கியிருந்தால், அது மாஸ்டரிலேயே போய் உட்கார்ந்திருக்கும்.

இரவுப்பணி:

மாஸ்டரில் எதுவும் இல்லை. ஆனால் ஏலியஸை நீக்குவதற்கு முன் அது எந்தக் கேட்டலாக்கைச் சுட்டியது என்று நான் குறித்துவைக்கவில்லை. எங்களிடம் டிஎஸ்ஓ (திரையில் நேராக வேலை செய்யும்) பயனர்களுக்கென்று மட்டும் ஆறு யூசர் கேட்டலாக்குகள் இருக்கின்றன. நாற்பது ஐடிகளையும் ஆறிலும் தேட வேண்டுமா?

வட்டுக்காவலர்:

உங்களிடம் எத்தனை எல்பார்கள் (ஒரே இயந்திரத்துக்குள் தனித்தனியாக இயங்கும் பகுதிகள்) இருக்கின்றன? அவை ஒவ்வொன்றுக்கும் தனி மாஸ்டர் கேட்டலாக் என்றால், நீங்கள் ஒரு எல்பாரில் மட்டுமே ஏலியஸை நீக்கியிருப்பீர்கள். ராக்ஃப் தரவுத்தளம் பொதுவாக இருப்பதால் ஐடி எல்லா இடத்திலும் போயிருக்கும், ஆனால் ஏலியஸ் மாஸ்டருக்கு மாஸ்டர் தனி. மற்றோர் எல்பாரில் நுழைந்து லிஸ்ட்கேட் என்ட்ரீஸ் யூ4417 ஆல் என்று கொடுங்கள். அசோசியேஷன்ஸ் என்ற இடத்தில் யூசர் கேட்டலாக்கின் பெயர் இருக்கும். லெவல் என்று கொடுக்காதீர்கள். லெவல் என்பது அந்தப் பெயருக்குக் கீழே உள்ளவற்றைத்தான் காட்டும், ஏலியஸைக் காட்டாது.

அங்கேயும் இல்லாவிட்டால் எஸ்எம்எஃப் பதிவுகளை (அமைப்பின் நடவடிக்கைக் குறிப்புகள்) தோண்டலாம். கேட்டலாக்கில் ஒன்றை உருவாக்கினால் 61, நீக்கினால் 65, மாற்றினால் 66 என்ற வகைப் பதிவுகள் எழுதப்படும். நீங்கள் ஏலியஸ் நீக்கிய இரவின் 65 வகைப் பதிவுகள் உங்களுக்குப் போதும்.

இரவுப்பணி:

டெவலப்மென்ட் எல்பாரில் நாற்பது ஏலியஸ்களும் அப்படியே இருக்கின்றன! இதைத் தவறு என்று எடுத்துக்கொள்வதா, அதிர்ஷ்டம் என்பதா தெரியவில்லை. அதைப் பார்த்து யூ4417க்கு ஏலியஸை மறுபடி உருவாக்கினேன். லிஸ்ட்கேட் இப்போது பதினான்கு பெயர்களைக் காட்டுகிறது.

இரண்டு கேள்விகள். வட்டில் பதினொன்று, கேட்டலாக்கில் பதினான்கு எப்படி? அடுத்தது, நான் டிலீட் கொடுத்தால் எச்சரிக்கையோடு நடக்கிறது, ஆனால் ஸ்டோரேஜ் குழு நண்பர் அதே ஜாபை அவருடைய ஐடியில் ஓட்டினால் ஐசிஹெச்408ஐ, ரிசோர்ஸ் நாட் புரொடெக்டட் என்று மறுக்கிறது. "நாட் புரொடெக்டட்" என்றால் பாதுகாப்பே இல்லை என்றுதானே பொருள்? பாதுகாப்பு இல்லாததைத் தொட ஏன் தடை?

பழைய டேப்:

முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். மிச்சமுள்ள மூன்றின் வால்யூம் எம்ஐஜிஆர்ஏடி என்று இருக்கும். நெடுநாள் தொடாதவற்றை டேப் போன்ற இருப்புக்கு மாற்றும் ஹெச்எஸ்எம் அவற்றை இடம்பெயர்த்திருக்கிறது. ஆகவே முதன்மை வட்டின் விடிஓசியில் அவை தெரியாது. இவற்றை ஐடிகேம்ஸ் டிலீட்டில் நீக்கினால், திரும்பக் கொண்டுவராமலே ஹெச்எஸ்எம் தன் இருப்பிலிருந்து அழித்துவிடும். சிலர் பழக்கத்தில், தானாக எதுவும் செய்யாத ஐஇஎஃப்பிஆர்14 என்ற நிரலுக்கு டிஸ்ப் ஓல்டு, டிலீட் என்று எழுதுவார்கள். முன்பெல்லாம் அது ஒவ்வொன்றையும் டேப்பிலிருந்து வட்டுக்கு ரீகால் செய்து, வந்து சேர்ந்த மறுநொடியே அழிக்கும். பத்து ஆண்டுப் பழைய டேப்புகள் ஒவ்வொன்றாக மவுன்ட் ஆவதை ஓர் இரவு முழுவதும் உட்கார்ந்து பார்த்தவன் நான். இசட்/ஓஎஸ் 1.11இல் இதைத் தவிர்க்க ஒரு விருப்பம் வந்தது. ஏலாக் என்ற அமைவு மெம்பரில் டெல்மிக்டிஎஸ் என்பதை நோரீகால் என்று வைத்திருந்தால்தான் அது நடக்கும்.

இரண்டாவது கேள்வி ராக்ஃப் தொடர்பானது. அதை அறிந்தவர் வரட்டும்.

ராக்ஃப் வாசல்:

வந்துவிட்டேன். இரவுப்பணி அவர்களே, ஒன்றை நேரடியாகக் கேட்கிறேன். ஐஆர்ஆர்ஆர்ஐடி00 எழுதித் தந்த கட்டளைக் கோப்பின் நடுவில் எக்சிட் என்று ஒரு வரி இருந்திருக்குமே, அதை என்ன செய்தீர்கள்?

இரவுப்பணி:

அந்த வரியில் கோப்பு நின்றுவிட்டது. ஆகவே அதை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன்.

ராக்ஃப் வாசல்:

அந்த எக்சிட் பிழையால் வந்தது அன்று, வேண்டுமென்றே வைக்கப்பட்டது. அதற்கு மேலே இருப்பவை பெர்மிட் (அனுமதி) நீக்கம், குழுவிலிருந்து ரிமூவ், உரிமையாளர் மாற்றம் போன்றவை. கீழே இருப்பவை புரொஃபைல்களையே அழிக்கும் கட்டளைகள். படித்துப் பார்த்து, திருத்தி, அதன்பின் அந்த வரியை எடுத்துக்கொள்ளுங்கள் என்பதற்காகவே அங்கே நிறுத்துகிறார்கள். நீங்கள் எடுத்ததும் யூ4417.** என்ற டேட்டாசெட் புரொஃபைல் டெல்டிஎஸ்டி கட்டளையில் போயிற்று. அது போனதால் பயனரை நீக்கும் டெல்யூசரும் தடையின்றி நடந்தது. பயனரின் பெயரில் டேட்டாசெட் புரொஃபைல் மிச்சம் இருந்தால் டெல்யூசர் மறுத்திருக்கும். அந்த மறுப்புதான் உங்களுக்கு இருந்த கடைசி வேலி.

இப்போது "நாட் புரொடெக்டட்" பற்றி. உங்கள் அமைப்பில், ராக்ஃபின் பொது அமைவான செட்ராப்ட்ஸில் புரொடெக்ட்ஆல் என்பது ஃபெயிலியர்ஸ் நிலையில் இருக்கிறது. அதன் பொருள், எந்த புரொஃபைலும் காக்காத டேட்டாசெட்டை யாரும் தொடக் கூடாது என்பது. புரொஃபைல் இல்லை என்றால் கதவு திறந்திருக்கிறது என்று நீங்கள் நினைக்கிறீர்கள்; கதவே இல்லாமல் சுவர் எழுப்பியிருக்கிறது என்பதுதான் நிலைமை. இதில் சிஸ்டம் அளவில் ஸ்பெஷல் (ராக்ஃப் நிர்வாகி அதிகாரம்) உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு, எச்சரிக்கையோடு உள்ளே விடும். உங்கள் ஐடிக்கு ஸ்பெஷல் இருப்பதால் உங்களுக்கு நடக்கிறது, ஸ்டோரேஜ் நண்பருக்கு நடக்கவில்லை. "என் திரையில் சரியாக வருகிறதே" என்று அவரிடம் வாதிட்டிருப்பீர்கள் என்றே நினைக்கிறேன்.

இரவுப்பணி:

வாதிட்டேன்தான். சரி, யூ4417.** புரொஃபைலைத் திரும்ப உருவாக்கி அவருக்கு ஆல்ட்டர் (நீக்கவும் இடம் தரும் அனுமதி) கொடுத்துவிடலாம் என்று, புரொஃபைல் உருவாக்கும் ஆட்எஸ்டி கட்டளையைக் கொடுத்தேன். அதுவும் மறுக்கிறது.

ராக்ஃப் வாசல்:

மறுக்கத்தான் செய்யும். டேட்டாசெட் புரொஃபைலின் முதல் குவாலிஃபையர், ராக்ஃபில் இருக்கும் ஒரு பயனராகவோ குழுவாகவோ இருக்க வேண்டும். யூ4417 இப்போது இரண்டும் இல்லை. பயனரை மறுபடி உருவாக்காதீர்கள். நீக்கிய ஐடி திரும்ப முளைத்தது என்று தணிக்கையில் இன்னொரு கேள்வி வரும். ஆட்குரூப் கொண்டு யூ4417 என்ற பெயரில் தற்காலிகமாக ஒரு குழுவை உருவாக்குங்கள். ஒரே பெயர் பயனராகவும் குழுவாகவும் இருக்க முடியாது என்பதுதான் விதி. பயனர் போய்விட்டதால் இப்போது இடம் காலி. அதன்பின் ஆட்எஸ்டி யூ4417.**, யூஏசிசி நன் (மற்றவர்களுக்கு அனுமதி இல்லை) என்று வைத்து, ஸ்டோரேஜ் குழுவுக்கு ஆல்ட்டர் பெர்மிட் கொடுத்து, செட்ராப்ட்ஸ் ஜெனரிக் டேட்டாசெட் ரெஃப்ரெஷ் செய்யுங்கள். ரெஃப்ரெஷ் செய்யாவிட்டால் ஏற்கெனவே உள்ளே இருக்கும் டிஎஸ்ஓ அமர்வுகள் பழைய பட்டியலையே நினைவில் வைத்துக்கொண்டு மறுத்துக்கொண்டிருக்கும், நீங்களும் இன்னொரு மணிநேரம் இல்லாத பிழையைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

வேலை முடிந்ததும் டேட்டாசெட், ஏலியஸ், புரொஃபைல், குழு என்ற இந்த வரிசையிலேயே கீழிறங்கி வாருங்கள்.

வட்டுக்காவலர்:

இங்கே ஒன்றைச் சேர்க்க வேண்டும். எஸ்எம்எஸ் டேட்டாசெட்டை நீக்க அந்த டேட்டாசெட்டுக்கு ஆல்ட்டர் இருந்தால் போதும், அல்லது அதன் கேட்டலாக்குக்கு ஆல்ட்டர் இருந்தாலும் போதும். "தலைவலி தீரட்டும்" என்று யூசர் கேட்டலாக்குக்கே ஆல்ட்டர் கேட்பவர்கள் உண்டு. எங்கள் பழைய நிறுவனம் ஒன்றில் அப்படிக் கொடுத்த அனுமதி பல ஆண்டுகள் அங்கேயே கிடந்தது. ஆறு கேட்டலாக்குகளுக்கு ஆல்ட்டர் என்றால் அத்தனை பயனர்களின் டேட்டாசெட்டுகளையும் அழிக்கும் அதிகாரம். உங்கள் துப்புரவுப் பட்டியலில் கேட்டலாக் புரொஃபைல்களின் ஆக்சஸ் லிஸ்டும் இருக்கட்டும்.

புதுவரவு:

ஒரு சிறு ஐயம். நான் டிலீட் யூ4417.* என்று கொடுத்தபோது சில மட்டும் நீங்கி, சில நின்றுவிட்டன. ஏன்?

வட்டுக்காவலர்:

ஒற்றை நட்சத்திரம் ஒரே ஒரு குவாலிஃபையருக்குத்தான் நிற்கும். யூ4417.நோட்ஸ் போகும், யூ4417.ஜேசிஎல்.லைப்ரரி நிற்கும். மாஸ்க் என்ற அளவுருவோடு இரட்டை நட்சத்திரம் கொடுத்தால் எல்லாம் போகும். ஆனால் அதே பெயர்க்கோலத்துக்கு லிஸ்ட்கேட் எடுத்துப் படிக்காமல் அதை ஓட்டாதீர்கள். ஜிடிஜி (தலைமுறை தலைமுறையாக அடுக்கப்படும் டேட்டாசெட்டுகள்) பேஸ் இருந்து அதற்குள் தலைமுறைகளும் இருந்தால் ஃபோர்ஸ் கேட்கும். காலாவதி நாள் வராதது என்றால் ரிட்டர்ன் கோடு 84 வரும், அதற்கு பர்ஜ். வட்டே இப்போது இல்லை, கேட்டலாக்கில் பெயர் மட்டும் தங்கியிருக்கிறது என்றால் நோஸ்கிராட்ச். ரிட்டர்ன் கோடு 56 என்றால் கேட்டலாக்கை விட்டுவிட்டு நேராக ராக்ஃபைப் பாருங்கள், அது அனுமதி மறுப்பு.

இரவுப்பணி:

நிலவரம் சொல்ல வந்தேன், நல்ல செய்தியோடு இல்லை. நாம் பேசிவந்த அதே யூ4417இன் ஜேசிஎல் (ஜாப் கட்டளைகள்) லைப்ரரியிலிருந்து மாதக் கடைசி ஜாப் ஒன்று ஒரு கன்ட்ரோல் மெம்பரைப் படித்துவந்திருக்கிறது. நேற்றிரவு அது ஐஇஎஃப்212ஐ, டேட்டாசெட் நாட் ஃபவுண்ட் என்று விழுந்தது. ஏலியஸைத் திரும்ப வைத்ததும் அடுத்த ஓட்டத்தில் ஐசிஹெச்408ஐ வந்தது. தற்காலிகக் குழுவையும் புரொஃபைலையும் உருவாக்கி, பேட்ச் ஐடிக்கு ரீட் கொடுத்த பிறகுதான் விடியற்காலையில் முடிந்தது.

பழைய டேப்:

உயிரோடு இருக்கும் வீட்டின் பாதையை எடுத்தால் அப்படித்தான் நடக்கும். மற்ற முப்பத்தொன்பதின் ஏலியஸ்களையும் இன்றே திரும்ப வையுங்கள். பிறகு எஸ்எம்எஃப் 14, 15 வகைப் பதிவுகளைக் குறைந்தது ஓராண்டுக்கு அலசுங்கள். படிக்கத் திறந்தால் 14, எழுதத் திறந்தால் 15, விஎஸ்ஏஎம் வகை டேட்டாசெட் என்றால் 64. ஐடியின் சொந்தக்காரர் தவிர வேறு எந்த ஜாப் அவர் டேட்டாசெட்டைத் திறந்தது என்று தெரிந்துவிடும். 3.4 திரையின் ரெஃபர்டு நாளையும் பார்க்கலாம், ஆனால் தொட்டது யார் என்று அது சொல்லாது. ஓராண்டு என்று சொல்வதற்குக் காரணம், ஆண்டுக் கடைசி ஜாப் என்று ஒன்று உண்டு.

அந்த கன்ட்ரோல் மெம்பரை அப்ளிகேஷனுக்குரிய லைப்ரரிக்கு நகலெடுத்து, ஜேசிஎல்லை மாற்றச் சொல்லுங்கள். அதை யூ4417 பெயரிலேயே விட்டுவிடலாம் என்று அப்ளிகேஷன் குழு கேட்கும், ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ராக்ஃப் வாசல்:

இன்னும் ஓர் இடம் இருக்கிறது. யூ4417க்கு ஓஎம்விஎஸ் செக்மென்ட் (மெயின்ஃபிரேமின் யூனிக்ஸ் பகுதிக்கான பயனர் விவரம்) இருந்ததா? இருந்திருந்தால் அவருடைய ஹோம் டைரக்டரி தனி இசட்எஃப்எஸ் (யூனிக்ஸ் ஃபைல் சிஸ்டம்) டேட்டாசெட்டில் இருக்கலாம்; அதன் பெயர் ஓஎம்விஎஸ்.யூ4417 என்பதுபோல் வேறு முதல் குவாலிஃபையரில் தொடங்கும். லிஸ்ட்கேட் லெவல் யூ4417 அதைக் காட்டவே காட்டாது. அன்மவுன்ட் செய்யாமல் நீக்கவும் முடியாது. பொது ஃபைல் சிஸ்டத்தில் அவருக்குச் சொந்தமான கோப்புகளும் இருக்கும். ஐடி போன பிறகு எல்எஸ் கட்டளையில் உரிமையாளர் இடத்தில் வெறும் எண் தெரியும். அந்த யூஐடி எண்ணை நாளை வேறொருவருக்குக் கொடுத்தால் அந்தக் கோப்புகளும் சத்தமில்லாமல் அவருடையதாகிவிடும்.

ஆக்சஸ் லிஸ்டிலும் இதே கதைதான். டெல்யூசர் ஆக்சஸ் லிஸ்டுகளைத் தொடுவதில்லை. ஐஆர்ஆர்ஆர்ஐடி00 செய்த வேலை முழுமையானதா என்று பார்க்க, புதிதாக அன்லோட் எடுத்து, இம்முறை சிஸ்இன்னை (ஐடிகளின் பட்டியலைக் கொடுக்கும் உள்ளீடு) வெறுமையாக விட்டு ஓட்டுங்கள். இப்போது இல்லாத ஐடிகளைச் சுட்டும் மிச்சங்கள் அனைத்தையும் அது தேடித் தரும். பழைய அன்லோட் கோப்பைக் கொடுத்தால் பழைய உலகத்தைத்தான் அது சுத்தம் செய்யும். அன்லோடில் 0404, 0505 வகைப் பதிவுகளை நீங்களே ஒருமுறை வடிகட்டிப் பாருங்கள். முன்னது டேட்டாசெட் ஆக்சஸ் லிஸ்ட், பின்னது பொது ரிசோர்ஸ்களுடையது. உரிமையாளர் இடத்தில் கேள்விக்குறியோடு ஓர் ஐடி வந்தால், புதிய உரிமையாளர் யார் என்று உங்களைக் கேட்கிறது என்று பொருள். அதை நிரப்பாமல் ஓட்டாதீர்கள்.

இரவுப்பணி:

முப்பத்தொன்பது ஏலியஸ்களையும் வைத்தாயிற்று. வெறும் சிஸ்இன்னோடு ஓட்டியதில், இந்த நாற்பதுக்கும் தொடர்பே இல்லாத, எங்களில் யாருக்கும் நினைவில்லாத ஐடிகளின் மிச்சம் அறுநூறு வரிகளுக்கு மேல் வந்திருக்கிறது. அவற்றில் சில பெயர்கள் இப்போது பணியில் இருப்பவர்களின் ஐடியிலிருந்து ஓர் எண்தான் வேறுபடுகின்றன. நாளை முதல் அவற்றைக் கையால் ஒவ்வொன்றாகப் படிக்கப் போகிறேன். எக்சிட் வரியை எடுக்கவில்லை.

ராக்ஃப் வாசல்:

படித்து முடித்த பகுதியைத் தனிக் கோப்பில் வெட்டி வைத்து அதை மட்டும் ஓட்டுங்கள். மூலக் கோப்பில் அந்த வரி கடைசிவரை இருக்கட்டும். டெவலப்மென்ட் எல்பாரின் நாற்பது ஏலியஸ்களையும் எல்லா டேட்டாசெட்டும் போன பிறகே தொடுங்கள்.